மலைப்பனிக்கு எந்தக் கனெக்டர்?

ஏற்காட்டில் காபி களத்தின் ஓரமாக ஈரப்பதம் அளக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வைக்க ஆசைப்படுபவருக்கு இன்று சாமான்களுக்குப் பஞ்சமில்லை. ஈ.எஸ்.பி.32 போர்டு, சென்சார், திரை, பேட்டரி எல்லாம் கூரியரில் வந்து இறங்கிவிடுகின்றன. மேசைமேல் வைத்துப் பார்த்தால் முதல் நாளே ஓடும். களத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் சோதனை தொடங்குகிறது. திடீரென்று ஒருநாள் எண்கள் தாறுமாறாக வரும். பெட்டியைத் தட்டினால் சரியாகும். மறுநாள் மறுபடி கெடும். தட்டினால் சரியாகிற பழுது சில்லில் இருப்பதில்லை. அது கம்பியும் போர்டும் சந்திக்கிற இடத்தில், அதாவது கனெக்டரில் இருக்கிறது.

மலையில் இது சீக்கிரமே தலைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். காபிப் பழம் பறித்துக் காயவைக்கும் குளிர்மாதங்களில்தான் பனிமூட்டமும் இறங்குகிறது. பகல் வெயிலில் சூடான பெட்டி இரவில் குளிரும்போது, உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் துளித்துளியாகப் பிளாஸ்டிக்கிலும் பின்களிலும் படிகிறது. சேலத்தில் வீட்டு மேசைமேல் ஆண்டுக்கணக்கில் ஓடுகிற இணைப்பு, நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ ஒரு பருவத்தைத் தாண்டத் திணறுவது இதனால்தான். போதாக்குறைக்கு, தவறான கனெக்டரை வாங்கிவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏற வேண்டியிருக்கும். எனவே வாங்கும் முன் யோசிப்பது மற்ற ஊர்க்காரர்களைவிட மலைக்காரர்களுக்கு அதிகம் பயன்படும்.

யோசனையை எங்கே தொடங்குவது? எத்தனை பின் என்பதில் அல்ல, கம்பி எங்கே வாழப்போகிறது என்பதில். பெட்டிக்குள் அசையாமல் கிடக்குமா, மூடியைத் திறக்கும்போதெல்லாம் இழுபடுமா, வெளியே மழையில் ஓடுமா? இந்த மூன்றில் எது என்று தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

கடையில் கேட்கும் பெயர்களை முதலில் பார்த்துவிடலாம். வெளிநாட்டு இணையதளங்களில் ஐ.டி.சி. என்று குறிப்பிடப்படுவதை இங்கே கடைக்காரர்கள் எஃப்.ஆர்.சி. என்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் ‘பத்து பின் எஃப்.ஆர்.சி. ஃபீமேல்’ என்று கேட்டால் மறுகேள்வி வராது. போர்டில் பற்றவைக்கும் பின் வரிசை பெர்க் ஸ்ட்ரிப். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் சுவர் இருந்தால் பாக்ஸ் ஹெடர். இரண்டு, மூன்று, நான்கு கம்பிகளோடு வெள்ளை நிறத்தில் வருவது ரிலிமேட். சில கடைகளில் ஆர்.எம்.சி. என்றும் சொல்வார்கள். தனித்தனிக் கம்பியாகக் கறுப்புத் தொப்பியோடு வருவது ஜம்பர் வயர். இவ்வளவு தெரிந்தால் போதும். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வாங்கிவிடலாம்.

ரிப்பன் கேபிள் என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது எஃப்.ஆர்.சி.தான். பட்டையான கேபிளை அமெரிக்காவின் சிக்காயில் நிறுவனம் 1956-இல் கொண்டுவந்தது. பக்கம் பக்கமாக ஒட்டிய கம்பிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 1.27 மில்லிமீட்டர். கனெக்டரின் பின்களோ இரண்டு வரிசையாக 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. கம்பிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் போய்ச் சேர்வதால் இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. 1, 3, 5 ஒரு வரிசை. 2, 4, 6 மறு வரிசை. சாம்பல் நிற ரிப்பனின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதல் கம்பி. கனெக்டரில் அதற்கு நேராக ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும். வானவில் ரிப்பன் வாங்கினால் இன்னும் வசதி: ரெசிஸ்டர் வண்ணக் கணக்கைப் போலவே முதல் கம்பி பழுப்பு, இரண்டாவது சிவப்பு, மூன்றாவது ஆரஞ்சு என்று போய், பத்தாவது கறுப்பில் முடியும்.

இதன் பெரிய வசதி, கம்பியின் தோலை உரிக்க வேண்டாம், பற்றவைக்கவும் வேண்டாம். கனெக்டரின் அடிப்பாகத்தில் ஒவ்வொரு பின்னுக்கும் கவட்டை வடிவில் ஒரு சிறு உலோகப் பல் இருக்கிறது. ரிப்பனை மேலே வைத்து மூடியை அழுத்தும்போது அந்தப் பல் தோலைக் கிழித்துக்கொண்டு இறங்கி, உள்ளேயிருக்கும் செம்பு இழைகளை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடி காற்றுகூடப் புகாத அளவுக்கு நெருக்கமானது. ஈரம் உள்ளே போகாததால் செம்பு கறுப்பதில்லை. தோலை உரித்து முறுக்கிய கம்பியைவிட, ஏன், அரைகுறையாகப் பற்றவைத்த கம்பியைவிடவும், ஒழுங்காக அழுத்திய எஃப்.ஆர்.சி. மலைப்பனிக்கு நன்றாகத் தாங்கும்.

‘ஒழுங்காக’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரிப்பனின் முனையைக் கூரான கத்தியாலோ நல்ல கத்திரியாலோ நேர்கோணத்தில் வெட்ட வேண்டும். சரிந்து வெட்டினால் ஓரக் கம்பி பல்லுக்கு எட்டாது. ரிப்பனை உள்ளே செருகியதும் மூடியின் அடிப்புறத்தில் இருக்கும் பள்ளங்களில் ஒவ்வொரு கம்பியும் உட்கார்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அரைக்கம்பி அளவு நகர்ந்தாலும் ஒரே பல் இரண்டு கம்பிகளைத் தொட்டுவிடும். பிறகு அழுத்துவது. இதற்கென்று கருவி விற்கிறார்கள். இல்லாதவர்கள் பட்டறை வைஸைப் பயன்படுத்தலாம். இரண்டு பக்கமும் தட்டையான மரத்துண்டு வைத்து, மெதுவாகத் திருகினால் மூடி சமமாக இறங்கி இரண்டு ஓரமும் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். குறடால் அழுத்துவதுதான் வழக்கமான தவறு. குறடு நடுவில் ஒரு முறை, ஓரத்தில் ஒரு முறை என்று அழுத்துவதால் மூடி வளைந்து, நடுக்கம்பிகள் மட்டும் நன்றாகப் பிடிபட்டு, ஓரத்துக் கம்பிகள் அரைகுறையாக நிற்கும். அப்படிப்பட்ட கேபிள் அன்றைக்கு ஓடும்; களத்தில் முதல் குளிர் இரவில் தன் குணத்தைக் காட்டும்.

அழுத்தி முடித்ததும் மல்ட்டிமீட்டரில் பீப் ஒலி வைத்து இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். ஒவ்வொரு பின்னும் மறுமுனையில் அதே எண்ணுள்ள பின்னோடு பேசுகிறதா என்பது ஒன்று. பக்கத்துப் பின்னோடு பேசாமல் இருக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பலர் செய்வதில்லை. போர்டு புகைவது பெரும்பாலும் அதில்தான். ஒருமுறை அழுத்திய கனெக்டரைப் பிரித்து மறுபடி பயன்படுத்தவே கூடாது. பல் விரிந்துவிட்டிருக்கும், இரண்டாவது முறை அதே இறுக்கம் வராது. சில கனெக்டர்களோடு மூன்றாவதாக ஒரு பிளாஸ்டிக் பட்டையும் வரும். ரிப்பனை மடித்து அதன் அடியில் மாட்டினால், இழுக்கும் விசை பல்லுக்குப் போகாமல் பட்டையோடு நின்றுவிடும். மூடி திறந்து மூடும் பெட்டிக்கு அந்தப் பட்டை கட்டாயம்.

போர்டுப் பக்கத்தில் வெறும் பெர்க் ஸ்ட்ரிப்பா, பாக்ஸ் ஹெடரா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: இடமிருந்தால் பாக்ஸ் ஹெடர். எஃப்.ஆர்.சி. கனெக்டரின் ஒரு பக்கத்தில் சின்ன மேடு இருக்கும். பாக்ஸ் ஹெடரின் சுவரில் அதற்கான வெட்டு இருக்கும். திருப்பிச் செருக முடியாது, ஒரு வரிசை தள்ளியும் செருக முடியாது. வெறும் பின்களில் இரண்டுமே நடக்கும்.

திருப்பிச் செருகினால் என்ன ஆகும் என்பதை ஆர்டுயினோ ஊனோவின் ஆறு பின் நிரலேற்ற இணைப்பில் பார்க்கலாம். அங்கே சுவர் கிடையாது. 1-ஆம் எண் இடத்துக்கு 6-உம், 2-ஆம் எண் இடத்துக்கு 5-உம் போகும். இரண்டாவது மின்சாரம், ஐந்தாவது ரீசெட், ஆறாவது கிரவுண்ட். இங்கே பெரும்பாலும் போர்டு பிழைத்துக்கொள்ளும், வேலை மட்டும் நடக்காது. ராஸ்பெர்ரி பையில் நிலைமை கடுமை. அதன் 40 பின்களும் சுவரில்லாமல்தான் நிற்கின்றன. கேபிளைத் திருப்பிச் செருகினால் 2-ஆம் பின்னில் இருக்கும் 5 வோல்ட், மறுமுனையில் இருக்கும் துணைப்போர்டின் 39-ஆம் இடத்துக்கு, அதாவது அதன் கிரவுண்டுக்குப் போகிறது. துணைப்போர்டுக்கு மின்சாரம் தலைகீழாகப் பாய்கிறது. அதோடு நிற்காமல், அந்தக் கிரவுண்ட் வழியாக 5 வோல்ட் திரும்பி வந்து, 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் பையின் உள்ளீட்டுப் பின்களையும் எட்டுகிறது. ஒரு விநாடி போதும். ஆகவே பையில் எஃப்.ஆர்.சி. செருகுபவர்கள் முதல் பின் இருக்கும் மூலையில் நகப்பூச்சாலோ மார்க்கராலோ சிவப்புப் புள்ளி வைத்துவிடுவது நல்லது.

இங்கே பழைய கணினிக் கேபிள்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்குப் போன 40 பின் கேபிள் பல வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கிறது. பையிலும் 2014-இல் வந்த பி பிளஸ் முதல் 40 பின்தான். கனெக்டர் அளவும் ஒன்றே. மாணவர்களுக்கு அதைப் பயன்படுத்தத் தோன்றுவது இயல்பு. சில நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கேபிள்களில் இரண்டு இனம் உண்டு. பழைய இனத்தில் 40 கம்பி. அதன் 20-ஆம் துளை பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். தவறாகச் செருகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பையின் 20-ஆம் பின் வெறும் கிரவுண்ட்தான், வேறு ஏழு கிரவுண்ட் பின்கள் இருக்கின்றன, ஆகவே அடைப்பைத் துளைத்துவிட்டால் கேபிள் வேலை செய்யும்.

பிந்திய இனத்தில் அதே 40 பின் கனெக்டருக்குள் மெல்லிய 80 கம்பிகள். கனெக்டர்கள் நீலம், சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறத்தில் இருக்கும். கூடுதலாக வந்த 40 கம்பிகளும் சமிக்ஞைகளுக்கு இடையே கிரவுண்டாக ஓடுபவை. அதற்காகக் கனெக்டருக்கு உள்ளேயே 2, 19, 22, 24, 26, 30, 40 ஆகிய பின்கள் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஹார்டு டிஸ்க்கில் இவை ஏழும் கிரவுண்ட். பையில் 2-ஆம் பின் 5 வோல்ட். 30-ஆம் பின் கிரவுண்ட். செருகிய கணமே இரண்டும் நேரடியாக ஷார்ட் ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கேபிள்களும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்; கம்பியின் பருமனை உற்றுப் பார்க்காமல் எதையும் பையில் செருகக் கூடாது. சந்தேகம் இருந்தால் மல்ட்டிமீட்டரை 2-ஆம், 30-ஆம் துளைகளில் வைத்தால் தெரிந்துவிடும்.

ஜம்பர் வயருக்கு வருவோம். அதைப் பழிப்பது நியாயமில்லை. பிரெட்போர்டில் ஒரு யோசனையைச் சோதிக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றலாம். ஆனால் அதில் பூட்டு கிடையாது. சில முறை செருகிப் பிடுங்கியதும் உள்ளே இருக்கும் தகடு தளர்ந்துவிடும். மலிவு ரகங்களில் கம்பியைத் தகட்டோடு பிடித்திருக்கும் மடிப்பே சரியாக இருக்காது; தோல்மேல் மட்டும் மடிந்து, செம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இருபது ஜம்பர் வயர் உள்ள பெட்டியில் ஒன்று கழன்றால் எந்தத் துளையிலிருந்து கழன்றது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஜீப்பில் கொண்டுபோகும் திட்டத்துக்கே அது ஆகாது எனும்போது, களத்தில் ஒரு பருவம் நிற்க வேண்டிய பெட்டிக்குக் கண்டிப்பாக ஆகாது.

சென்சார் ஒவ்வொன்றுக்கும் மூன்று அல்லது நான்கு கம்பிதான் என்றால், அங்கே எஃப்.ஆர்.சி. தேவையில்லை, ரிலிமேட் போதும். பின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர் என்பதால் துளைப்போர்டில் அப்படியே உட்காரும். முதுகில் இருக்கும் சுவர் திருப்பிச் செருகுவதைத் தடுக்கும், ஓரளவு பிடித்தும் வைக்கும். ஒரு முனையில் கனெக்டர் மாட்டிய கம்பியாகவே கடையில் கிடைப்பதால் கிரிம்பிங் கருவி இல்லாதவர்களும் பயன்படுத்தலாம். நம் ஊர் ஆர்வலர்களுக்கு இது நல்ல நண்பன். இணையத்துப் பாடங்களில் பெயர் வருவதில்லை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை.

அந்தப் பாடங்களில் வருவது ஜே.எஸ்.டி. எக்ஸ்.எச். ஜப்பானிய நிறுவனத்தின் வகை. லித்தியம் பேட்டரிகளின் சமன்கம்பிகளில் பார்த்திருப்போம். பிடிமானம் ரிலிமேட்டைவிட நன்று. 3 ஆம்பியர் வரை தாங்கும். இதில் கவனிக்க வேண்டியது இடைவெளி: 2.54 அல்ல, 2.5 மில்லிமீட்டர். மூன்று பின்னுக்கு வித்தியாசம் தெரியாது. பத்துப் பின்னுக்குப் போனால் முதல் பின்னுக்கும் கடைசிக்கும் இடையே 0.36 மில்லிமீட்டர் பிசகும், துளைப்போர்டில் நெருக்கித்தான் ஏற்ற வேண்டும். அதைவிடச் சிறியது 2 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட பி.எச்.; ஒற்றை லித்தியம் பேட்டரிகளின் வாலில் இருப்பது. சிவப்பும் கறுப்பும் எந்தப் பக்கம் என்பது விற்பவருக்கு விற்பவர் மாறுகிறது. பேட்டரியைச் செருகும் முன் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இருக்கவே கூடாது. இன்னும் சிறியது 1 மில்லிமீட்டர் எஸ்.எச்.; ஸ்பார்க்ஃபன் நிறுவனம் குவிக் என்றும், அடாஃப்ரூட் நிறுவனம் ஸ்டெம்மா கியூ.டி. என்றும் பெயரிட்டு, நான்கு கம்பியில் சென்சார்களைச் சங்கிலியாகக் கோக்கப் பயன்படுத்துவது. பற்றவைக்கத் தெரியாத பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் கம்பி மயிரிழை, பெட்டிக்குள் மட்டும்.

எருமைகளைப் படம் பிடிக்க நினைப்பவர்களுக்கு வேறொரு கேபிள் தேவைப்படும். சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் எஸ்டேட்டுகளுக்குள் வருவது சகஜம், இரவில் அவை போகும் தடத்தில் ராஸ்பெர்ரி பை கேமரா வைப்பது அருமையான திட்டம். அதில் வருவது காகிதம் போன்ற வெள்ளை அல்லது தவிட்டு நிறப் பட்டை, எஃப்.எஃப்.சி. என்பார்கள். இங்கே எண்ணிக்கையும் இடைவெளியும் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். பை 4 வரையிலான பெரிய போர்டுகளில் 15 பின், 1 மில்லிமீட்டர். பை ஜீரோவிலும் 2023-இல் வந்த பை 5-இலும் 22 பின், 0.5 மில்லிமீட்டர். வழக்கமான கேமராப் போர்டில் இன்னும் 15 பின்தான். ஆகவே பை 5 வாங்கியவர் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருக்கும் கேபிளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

திரைகளுக்கு இதே பட்டையை வாங்கும்போது இன்னொரு கேள்வி எழும்: உலோகக் கோடுகள் இரண்டு முனையிலும் ஒரே பக்கமா, எதிர்ப்பக்கமா? தவறிய வகையை வாங்கினால் செருகும், பூட்டும், ஆனால் எதுவும் தொடாது. அல்லது பட்டையைத் திருப்ப, பின் வரிசையே தலைகீழாகும். பழைய பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குவதே பாதுகாப்பு. செருகும் இடத்தில் இருக்கும் சிறு தாழ்ப்பாளை நகத்தால் மெல்ல உயர்த்தி, பட்டையை நேராக உள்ளே விட்டு, தாழ்ப்பாளை இரண்டு ஓரமும் சேர்த்து அழுத்த வேண்டும். இந்தப் பூட்டுகள் நூற்றுக்கணக்கான முறை கழற்றி மாட்டச் செய்யப்பட்டவை அல்ல. மாணவர்கள் தினமும் கழற்றும் திட்டத்துக்கு இதைக் கொடுக்காமல் இருப்பது நலம்.

1.27 மில்லிமீட்டர் பின் இடைவெளியில் குட்டி எஃப்.ஆர்.சி. ஒன்றும் உண்டு, ஏ.ஆர்.எம். சில்லுகளின் பிழைதிருத்தக் கருவிகளில் பத்துப் பின்னாக வருகிறது. அதற்கு ரிப்பனும் பாதி அகலம். வீட்டில் அழுத்த முயல வேண்டாம், ஆயத்தமாக வாங்குங்கள்.

இனி மின்சாரக் கணக்கு. சாதாரண ரிப்பனில் இருப்பது 28 கேஜ் கம்பி. ஒரு மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.21 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றால் 0.43 ஓம் அளவு. அதில் 1 ஆம்பியர் பாய்ந்தால் 0.43 வோல்ட் வழியிலேயே கரைந்து, 5 வோல்ட் மறுமுனையில் 4.57 ஆகிறது. ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே எச்சரிக்கும். எஃப்.ஆர்.சி.யின் ஒவ்வொரு பின்னும் பொதுவாக 1 ஆம்பியருக்குத்தான் மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மோட்டாருக்கோ எல்.இ.டி. பலகைக்கோ போகும் மின்சாரத்தை ரிப்பனில் அனுப்பாமல், தடித்த தனிக்கம்பியில் அனுப்புவதே முறை. கட்டாயம் ரிப்பன்தான் என்றால் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நீளத்துக்கும் எல்லை உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ஒன்றின் துடிப்பை மற்றொன்றுக்குக் கடத்தும். ஹார்டு டிஸ்க் கேபிளுக்கே 46 சென்டிமீட்டர்தான் உச்சவரம்பு. 80 கம்பி வந்ததும் இந்தக் கடத்தலைத் தடுக்கத்தான். சொந்தமாகப் பின் வரிசை வகுப்பவர்கள் வேகமான சமிக்ஞை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் கம்பி வைத்தால் போதும், பாதித் தொல்லை தீரும். பத்துப் பின்னுக்குப் பதில் பதினாறு பின் வாங்குவதில் ஆகும் செலவு, காரணம் தெரியாமல் வரும் தவறான எண்களோடு போராடும் நேரத்துக்கு முன் ஒன்றுமில்லை. ஐ.டூ.சி. சென்சார்களை ஒரு முழத்துக்கு மேல் ரிப்பனில் இழுக்காமல் இருப்பது நல்லது. அந்த இணைப்பு மொத்தமாகத் தாங்கும் மின்தேக்கம் 400 பிக்கோஃபாரட்தான், ரிப்பன் நீள நீள அது வேகமாக நிறையும்.

பெட்டிக்கு வெளியே ரிப்பனைக் கொண்டுபோகலாமா? கூடாது. வெயிலில் அதன் தோல் விறைத்து வெடிக்கும். அணிலும் எலியும் கடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், பட்டைக் கேபிளைச் சுற்றி நீர் புகாமல் இறுக்கும் வழி நம் கைக்கு எட்டுவதாக இல்லை. கேபிள் கிளாண்ட் என்று விற்கும் ரப்பர் வளையத் திருகு உருண்டையான கேபிளைத்தான் பிடிக்கும். எனவே பெட்டியின் சுவரோடு ரிப்பனின் ஆட்சி முடிந்துவிட வேண்டும். வெளியே உருண்டைக் கேபிள். நடுவில் கழற்ற வேண்டும் என்றால் திருகிப் பூட்டும் வட்டக் கனெக்டர், அதிலும் நீர்காப்பு என்று குறிப்பிட்டு விற்கும் ரகம். களத்தின் மறுகோடியில், ஐம்பது மீட்டர் தள்ளி சென்சார் இருக்கிறதென்றால் ஆர்.எஸ்.485 வழிக்கு மாறிவிட வேண்டும். முறுக்கிய இரண்டு கம்பியில் அது நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். கோடை இடிமழையில் நீளக் கம்பி மின்னல் துடிப்பையும் உள்ளே இழுத்து வரும் என்பதால், அங்கே மின்தனிமை உள்ள மாட்யூல் வாங்குவது பணத்துக்குத் தகும்.

கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடம் அடிப்பக்கமாக இருக்கட்டும். நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டி நின்றுவிடும். உள்ளே வியர்க்கும் ஈரத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். கனெக்டர் முலாமையும் பார்க்க வேண்டும்: தங்க முலாம் பின்னில் வெள்ளீய முலாம் துளையை மாட்டினால், நாளுக்கு நாள் வெப்பமும் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில் இரண்டும் நுண்ணிய அளவில் உரசி, வெள்ளீயத் துகள் துருவாகிப் படலமாகப் படியும். இரண்டு பக்கமும் ஒரே முலாமாக வாங்குவது எளிய பாதுகாப்பு. தட்டினால் சரியாகிற அந்தப் பழுதுக்குப் பாதிக் காரணம் இந்தப் படலம்தான்.

இவற்றையெல்லாம் ஒரு களப்பெட்டியில் வைத்துப் பார்த்தால் இப்படி வரும். தோல்காபி சுமார் 11 சதவீத ஈரத்துக்குக் காய்ந்ததும் எடுத்தாக வேண்டும். களத்தின் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று காட்டும் திரையும், கூரைக்கு வெளியே ஒரு சென்சாரும், மழைமானியும் இருக்கின்றன. மூடியில் பொருத்திய திரைக்கும் அடியில் இருக்கும் போர்டுக்கும் நடுவே பதினாறு பின் எஃப்.ஆர்.சி., இரண்டு பக்கமும் பாக்ஸ் ஹெடர், இழுவிசைப் பட்டையோடு, நீளம் 20 சென்டிமீட்டருக்குள். பெட்டிக்குள் இருக்கும் சிறு சென்சாருக்கு நான்கு பின் ரிலிமேட். பேட்டரிக்கு எக்ஸ்.எச். மழைமானிக்கும் வெளிச் சென்சாருக்கும் உருண்டைக் கேபிள், கிளாண்ட் வழியாக உள்ளே வந்து திருகுக் கட்டையில் முடியும். ஜம்பர் வயர் ஒன்றுகூட இல்லை.

சேலத்துக்கு இறங்கும்போது இதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வரலாம். பத்து, பதினாறு பின்களில் எஃப்.ஆர்.சி. ஃபீமேல் ஐந்தைந்து, அதே எண்ணிக்கையில் பாக்ஸ் ஹெடர், இரண்டு மீட்டர் பதினாறு கம்பி வானவில் ரிப்பன். பதினாறில் ஆறு கம்பிகளைக் கிழித்தெடுத்தால் பத்தாகும் என்பதால் ரிப்பன் ஒரே அகலத்தில் இருந்தால் போதும். கிழித்த ஆறும் வீணில்லை: அடுத்த நிரலேற்றக் கேபிளுக்கு, ஆறு பின் எஃப்.ஆர்.சி. இரண்டு சேர்த்து வாங்கியிருந்தால், அது சரியான அளவு.